ஏழு நாற்பத்தெட்டில் இன்னும் ஓர் இடம்

வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கிய யுவராணி மறுபடி ஏறிப்போய்க் கதவைத் திறந்து, வெளியே விட்டிருந்த மாவுப் பாத்திரத்தைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வந்தாள். அவள் செய்து, அவள் கணவன் கங்காதரன் பார்த்த கடைசிச் சாதாரணக் காரியம் அது. அதற்கு நாற்பது நிமிடம் கழித்து, பட்டரவாக்கத்துக்கும் கொரட்டூருக்கும் நடுவில், ஓடும் வண்டியின் வாசலிலிருந்து விழுந்து அவள் இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை. அன்றிலிருந்து அந்த வண்டியின் மகளிர் பெட்டியில், இரண்டாவது வாசலுக்கு இடப்பக்கம் உள்ள மூன்றாவது பெஞ்சில், எத்தனை பேர் உட்கார்ந்தாலும் இன்னும் ஒருவருக்கு இடம் மிச்சமிருக்கிறது.

ஆவடியிலிருந்து காலையில் புறப்படும் அந்த வண்டியை எல்லோரும் ஏழு நாற்பத்தெட்டு என்றுதான் சொல்வார்கள். ரயில்வே போட்ட கணக்குப்படி ஒரு பெஞ்சில் மூன்று பேர். பயணிகள் போட்ட கணக்கில் நான்கு. எழுதி வைக்காத வேறு சில சட்டங்களும் அதில் ஓடின. ஆவடியில் ஏறுகிறவர்கள், வழியில் ஏறப்போகும் தங்கள் கூட்டாளிக்கு நாலாவது இடத்தைப் பையை வைத்துப் பிடித்து வைக்கலாம். யாராவது கேட்டால் "ஆள் வராங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதற்கு மேல் எவரும் வழக்காட மாட்டார்கள். வருகிறவர் அவசரத்தில் வேறு வாசலில் ஏறிக் கூட்டத்தை நீந்தி வரக்கூடும் என்பதால், வில்லிவாக்கம் வரைக்கும் அந்த இடத்தைக் காப்பது மரியாதை. வில்லிவாக்கம் வந்ததும் உட்கார்ந்து வந்தவர்கள் எழுந்து, நின்று வந்தவர்களுக்கு இடம் விட வேண்டும். பெயர்களுக்கு அங்கே அதிக உபயோகம் கிடையாது. ஒருவரையொருவர் ஏறும் ஸ்டேஷனைச் சொல்லியே கூப்பிட்டுக்கொள்வார்கள். மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத்தில் வார்டு வேலை பார்த்த சாமுண்டீஸ்வரி, ஆவடி. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஆக்னஸ், அண்ணனூர். பிராட்வேயில் கல்யாணப் பத்திரிகைக் கடையில் வேலை பார்த்த யுவராணி, முல்லைவாயில். பதினோரு வருடம் மூன்றாவது பெஞ்சின் நாலாவது இடம் அவளுடையது. சாமுண்டீஸ்வரியின் சாப்பாட்டுப் பை அதை ஆவடியிலிருந்து பிடித்துக்கொண்டு வரும்.

அவள் விழுந்ததற்கு எட்டு நாள் முன்னால் அந்தப் பெஞ்சில் ஒரு சச்சரவு நடந்தது. வில்லிவாக்கத்தில் எழுந்திருக்க வேண்டிய முறையை யுவராணி இரண்டு நாள் தவறவிட்டாள் என்று சாமுண்டீஸ்வரி நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டாள். "முல்லவாயிலு, வில்லிவாக்கம் வந்தா மட்டும் உனக்கு எங்கேர்ந்து தூக்கம் வருது? நின்னுகினு வர்றவங்களுக்கும் காலு கீதும்மா" என்றாளாம். யுவராணி அதை இரவில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். இனிமேல் அந்தப் பெஞ்சில் தனக்கு இடம் இருக்காது, வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்றாள். செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த கங்காதரன், அப்படியென்றால் வேறு பெட்டியில் ஏறு என்று பதில் சொன்னான். பேச்சு அதோடு முடிந்தது.

கங்காதரன் எப்போதும் மகளிர் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறிப் பெரம்பூரில் இறங்குவான். சம்பவம் நடந்த அன்று பன்னிரண்டு பெட்டி வரவேண்டிய இடத்தில் ஒன்பது பெட்டி வண்டி வந்தது. பிளாட்பாரத்தில் நின்ற கூட்டம் மொத்தமாக முன்பக்கம் ஓடியது. யுவராணியின் பழுப்புப் பை கூட்டத்துக்குள் போய் மறைவதை அவன் பார்த்தான். பட்டரவாக்கம் தாண்டி வண்டி பதினோரு நிமிடம் நின்றது. யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது இருபதுக்குக் கம்பெனிக்குப் போன் வந்தது.

துக்கம் விசாரிக்க ஏழு நாற்பத்தெட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மற்றவர்கள் மாடிக்கு ஏறி வந்து உட்கார்ந்து அழுதார்கள். சாமுண்டீஸ்வரி மட்டும் கீழே இருசக்கர வண்டிகள் நிற்கும் இடத்திலேயே நின்று, மாலையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கங்காதரன் அதைப் பால்கனியிலிருந்து பார்த்தான். பதினோரு வருடம் உட்கார்ந்து போன யுவராணி, விழுந்த அன்று மட்டும் ஏன் வண்டி வாசலில் நின்றாள் என்ற கேள்வி அந்த நிமிடத்தில்தான் அவனுக்குள் நுழைந்தது. நுழைந்தபோதே பதிலையும் கூட்டிக்கொண்டு வந்தது. இடத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை மூன்றாவது பெஞ்சில் வழக்கம்போல நான்கு பேர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பின்பும் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. சாமுண்டீஸ்வரி விரதம் இருந்து இளைத்துவிட்டாள் என்று ஆக்னஸ் நினைத்தாள். ஆக்னஸுக்குச் சர்க்கரை வந்துவிட்டது, வெளியில் சொல்லாமல் மாத்திரை சாப்பிடுகிறாள் என்று சாமுண்டீஸ்வரி நினைத்தாள். செவ்வாய்க்கிழமை ஐந்தாவதாக ஒருத்தி உட்கார்ந்தாள். அப்போதும் இடம் இருந்தது. புதன்கிழமை ஆறு. ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் அளந்தார்கள். யார் சுருங்குகிறார்கள் என்று பார்க்க, அம்பத்தூரில் ஒரு மருந்துக் கடையில் போய் எல்லோரும் எடை பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் இளைக்கவில்லை, ஆக்னஸ் இரண்டு கிலோ கூடியிருந்தாள். மார்கழி முடிவதற்குள் பெஞ்சில் பதினோரு பேர் உட்கார்ந்தார்கள். எதிர்ப் பெஞ்சிலிருந்து பார்த்தால் அது மற்றப் பெஞ்சுகள் அளவுதான். ஆனால் தலைகளை எண்ண ஆரம்பித்தால் ஐந்துக்கு மேல் கணக்குத் தப்பி முதலிலிருந்து எண்ண வேண்டி வரும். சன்னலோரத்தில் ஒருத்தி மல்லிகைச் சரத்தைக் கிள்ளி அம்பத்தூரில் கைமாற்றி விட்டால், அது பெஞ்சின் மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது பட்டரவாக்கம் வந்துவிடும். தினம் வேறு வேறு வண்டித் தொடர் வந்தாலும், காலை ஏழு நாற்பத்தெட்டாக ஓடும் நேரத்தில் மட்டும், அந்தப் பெட்டியில் அந்தப் பெஞ்சில் மட்டும் இது நடந்தது. திரும்பி வருகையில் அது நான்கு பேருக்கே இடிக்கும்.

மற்ற ஸ்டேஷன்காரர்கள் இதை நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி நிறுத்தும் ஷெட்டில் ஆள் வைத்து முல்லைவாயில் பெண்கள் பெஞ்சை மாற்றிவிட்டார்கள் என்றார்கள் கொரட்டூர் பெண்கள். வியாசர்பாடியில் இறங்குகிறவர்கள் இது செய்வினை என்றார்கள். ஒருநாள் பெஞ்சின் காலில் ஓர் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. கட்டியது யார் என்பதில் மூன்று மாதச் சிநேகங்கள் இரண்டு முறிந்தன. புகார் மேல் புகார் போகவே, சம்பத் என்ற இளம் பொறியாளர் டேப்போடு வந்தார். நாலே முக்கால் அடி. மறுவாரம் வந்தார், நாலே முக்கால் அடி. மூன்றாவது முறை பதினேழு பெண்கள் உட்கார்ந்திருக்கையிலேயே குனிந்து அளந்தார், அப்போதும் நாலே முக்கால். செல்போனில் படமெடுத்துப் போடுவதற்காக ஏதாவது செய்கிறீர்களா என்று கேட்டார். ஆக்னஸ் அவருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். அது தன்னைச் சரிக்கட்டத் தரப்பட்டதோ என்று யோசித்து அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "மூவர் அமரும் இருக்கை, நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சேதி கங்காதரனுக்கு எட்டியபோது அவன் ஆச்சரியப்படவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பெஞ்சுக்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டான். பிடுங்கிய இடத்தை அது தினமும் கக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். தினமும் காலை மகளிர் பெட்டி நிற்கும் இடத்தில் போய் நின்று, சன்னல் கம்பி வழியாக உள்ளே பார்ப்பான். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யார் தன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புகிறார்கள் என்று மனதில் குறித்துக்கொண்டு, வண்டி அசையும் நேரத்தில் ஓடிப்போய்த் தன் பெட்டியில் தொற்றிக்கொள்வான். பெண்கள் பெட்டியில் என்ன எட்டிப் பார்வை என்று ஒரு பெண் போலீஸ் அவனை இரண்டு தடவை கேட்டாள். தன் மனைவி இதில் போகிறவள் என்றான். முதல் தடவை அவள் நம்பினாள். இரண்டாவது தடவை அவன் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டாள்.

தை, மாசி, பங்குனி என்று அவன் ஒரு மனு எழுதினான். நாலு பக்கம் வந்தது. முன்விரோதம் காரணமாக என் மனைவியின் இருக்கையைப் பறித்து, அவரை வாசலில் நிற்கவைத்து, அவருடைய சாவுக்குக் காரணமானவர் என்று தொடங்கி, சாமுண்டீஸ்வரியின் பெயர், அவள் வேலை பார்க்கும் இடம், ஏறும் நேரம் எல்லாம் அதில் இருந்தன. ஒப்பந்த வேலைக்காரியின் பெயர் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்பட்டால் மறுமாதம் அவளைக் கூப்பிட மாட்டார்கள், அந்த வேலையை நம்பித்தான் அவள் மகள் கல்லூரிக்குப் போகிறாள் என்பதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் எழுதினான். கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரே ஒரு சாட்சி கிடைத்தால் போதும் என்று காத்திருந்தான்.

சாட்சி ஆடி மாதத்தில் தானாக வந்தது. அண்ணனூரில் ஏறும் ரோஷினி என்ற பெண், நாமக்கல் பக்கத்துக்காரி, கணினிக் கம்பெனி வேலைக்காக வந்து பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தவள், ஒரு நாள் திருமுல்லைவாயிலில் இறங்கி வண்டியை விட்டுவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள். இருபத்து மூன்று பேர் உட்காரும் பெஞ்சு பக்கத்திலேயே இருக்கையில், கம்பியைப் பிடித்தபடி தினமும் நின்றுகொண்டே போகிற ஒருத்தியை அவன் சன்னல் வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறான். இவள்தான் அவள்.

"சார், நீங்க அந்த அக்கா வீட்டுக்காரருங்களா?" என்றாள். பிறகு, "போலீஸ்ல எழுதிக் கொடுக்கறீங்கன்னு பேசிக்கறாங்க. அதுல என் பேரு இருக்குங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்று அவன் சொன்ன பிறகும் அவள் நம்பாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சொல்ல ஆரம்பித்தாள். யுவராணி விழுந்த அன்று, ரோஷினி அந்த வண்டியில் ஏற ஆரம்பித்து மூன்று வாரம்தான். யார் பெயரும், யார் ஸ்டேஷனும் தெரியாது. அன்றைக்குப் பெட்டிகள் குறைவாக வந்ததால் எல்லா வாசலும் பிதுங்கியது. திருமுல்லைவாயிலில் பழுப்புப் பை வைத்திருந்த ஓர் அக்கா, வழக்கத்துக்கு மாறாக முதல் வாசலில் ஏறிக்கொண்டாள். நகர முடியவில்லை. நடுவில் நின்ற ரோஷினியிடம், உள்ளே மூன்றாவது பெஞ்சில் இடம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள். ரோஷினி தனக்கு முன்னால் நின்றவளிடம் சொன்னாள், அவள் அடுத்தவளிடம் சொன்னாள். கேள்வி ஐந்தாறு வாய் மாறிப் பெஞ்சுக்குப் போனது. பதில் அதே வழியில் திரும்பி வந்தது. இடம் இல்லை, ஆள் வராங்க.

"நான் அப்படியே சொல்லிட்டேனுங்க. அந்த அக்கா, 'ஓ, அதுக்குள்ள ஆள் வச்சாச்சா'ன்னாங்க. என்கிட்ட இல்லீங்க, சும்மா தனக்குத்தானே. அப்புறம் வெளியில பார்த்துத் திரும்பி நின்னுக்கிட்டாங்க."

மறுவாரம் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில்தான் அந்த முகத்தை மறுபடி பார்த்தாள். பெஞ்சில் யாருக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது, கூடவே போய்வரப் பேச்சுவாக்கில் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து அவள் அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை. எவரிடமும் சொல்லவுமில்லை. பழி தன் மேல் வரும் என்ற பயம். இதைச் சொல்லி முடித்ததும், தான் சொன்னதாக எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

கங்காதரன் அன்று வேலைக்குப் போகவில்லை. அவள் வருவாள் என்று பிடித்து வைத்த இடம். அதைக் கேட்டு வந்தவள் அவளேதான். அவளுக்குத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் இதைப் பலவிதமாகத் திருப்பிப் பார்த்தான். ரோஷினி பொய் சொல்கிறாளோ என்று சந்தேகப்பட்டான். சாமுண்டீஸ்வரி அவளை அனுப்பியிருப்பாளோ என்று சந்தேகப்பட்டான். கடைசியில், தான் இதுவரை சந்தேகப்படாமல் விட்டு வைத்திருக்கும் ஒரே ஆள் யார் என்ற இடத்துக்கு நினைப்பு வந்து நின்றபோது எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டான்.

மறுநாள் காலை எதிர்த்திசை வண்டியைப் பிடித்து ஆவடிக்குப் போனான். மனு சட்டைப் பையில் இருந்தது. ஏழு நாற்பத்தெட்டு கிளம்பப் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தது. மகளிர் பெட்டியில் சாமுண்டீஸ்வரியும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாசலில் தயங்கி நிற்பதைப் பார்த்து அவள் எழுந்து வரவில்லை. பையை மட்டும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"உள்ள வா அண்ணாத்தே. கிளம்பறதுக்குள்ள இறங்கிக்கலாம். குந்து."

அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் இருந்தது. அவன் உள்ளே தள்ளி உட்கார்ந்து பார்த்தான். அப்போதும் இருந்தது. அதன் மேல் கையை வைத்தான். மற்ற இடம்போலவே சில்லென்று இருந்தது.

"தெனம் நீ வந்து பாக்கறது எனக்குத் தெரியும்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "இன்னா எழுதி வச்சிகினு கீறேன்னும் தெரியும். குடுக்கறதுன்னா குடு. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. அன்னிக்கு வண்டி நின்னப்போ அல்லாரும் ஏந்து வாசலாண்ட போய்ப் பாத்தாங்க. நான் ஏந்துக்கல. ஏந்தா எடம் பூடும். சண்ட போட்ட பொம்பள, அவ எடத்த நானே வுட்டுட்டேன்னு நெனச்சிக்குவான்னு, பை மேல கைய வச்சிகினு குந்திகினு இருந்தேன். வில்லிவாக்கம் வரைக்கும் வச்சிருந்தேன். மூணு பேர் கேட்டாங்க. ஒருத்திக்கும் குடுக்கல."

வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

"கேட்டவங்க யாருன்னு பார்த்தீங்களா?" என்றான்.

"மூஞ்சி எங்க தெரியுது அந்தக் கும்பல்ல. கொரல்தான் வந்துச்சி, யார் யார் வாய்லயோ பூந்து."

சரி என்றான். அதற்கு மேல் சொல்ல அவனிடம் ஒரு விஷயம் இருந்தது. அதைச் சொன்னால் அந்த மனு செய்யக்கூடியதைவிட அதிகமாகச் செய்யும் என்று அவனுக்குத் தெரிந்தது. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னான்.

"எனக்கும் அன்னிக்கு உட்கார இடம் கிடைச்சிருந்தது. அடுத்த பெட்டியிலதான் இருந்தேன். நானும் எழுந்திருக்கல."

சாமுண்டீஸ்வரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறானா, ஆழம் பார்க்கச் சொல்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பெண்கள் ஏற ஆரம்பித்தார்கள். அவன் இறங்கிக்கொண்டான்.

மனுவை அவன் கொடுக்கவில்லை, கிழிக்கவுமில்லை. அந்த வாரமே சட்டையோடு துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்க் கூழாகி, இரண்டு கால்சட்டைகளையும் பாழாக்கியது. ரோஷினியிடம் அவன் ஒரே ஒரு தடவை பேசினான். தான் யாரிடமும் சொல்லவில்லை, அவளும் சொல்ல வேண்டாம், உட்கார்ந்து போகலாம் என்றான். அவள் மேலும் ஒரு மாதம் நின்றுகொண்டே போய்விட்டு, பிறகு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த பின்பும் இடம் இருந்தது. முல்லைவாயில்காரி புருஷன் எதையோ மறைக்கிறான் என்ற சந்தேகம் சாமுண்டீஸ்வரிக்கு இன்று வரைக்கும் தீரவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது சன்னல் வழியாக, சாப்பிட்டாயா என்று அவனைக் கேட்கும்போது கண்ணைச் சுருக்கித்தான் கேட்பாள்.

இப்போது மூன்றாவது பெஞ்சைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை. மழைக்காலத்தில் வண்டிகள் ரத்தான ஒரு நாள் அதில் நாற்பத்து நான்கு பேர் உட்கார்ந்ததாக ஆக்னஸ் சொல்கிறாள். கொரட்டூர்க்காரர்கள் நாற்பதுதான் என்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் விழிப்பார்கள், இரண்டாம் நாள் டிபன் டப்பாவைத் திறப்பார்கள். வில்லிவாக்கத்தில் எழுந்திருக்கும் முறை அந்தப் பெஞ்சுக்குத் தேவைப்படாமல் போய்விட்டது, ஆனாலும் பழக்கத்தில் இரண்டொருவர் எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்கிறார்கள். எப்படி உட்கார்ந்தாலும் கடைசியில் எஞ்சும் அந்த ஓர் இடத்தில் பை வைப்பதில்லை என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கங்காதரன் தன் பெட்டியில் ஏறிப் பெரம்பூரில் இறங்குகிறான். ஒன்பது பெட்டி வந்தாலும் பன்னிரண்டு பெட்டி வந்தாலும், திருமுல்லைவாயிலில் அந்த வண்டி முப்பது வினாடிதான் நிற்கிறது.